மரப்பொத்தும் பெரும்பொழுதும்

சங்கச் செய்யுட்களிற் காணும் கருப்பொருள்களைத் திணைதோறும் தொகுத்து வகுக்கும் பணியை அறிஞர் பலர் செவ்வனே செய்துள்ளனர். மரம், புள், விலங்கு, பூ எனப் பிரித்து நிறுத்திய அப்பட்டியல்களால் மாணவர் பெறும் பயன் பெரிது. ஆயினும் பட்டியலுக்குள் அடங்காது நழுவிப்போகும் பொருள்கள் சில உள. மரப்பொத்து அவற்றுள் ஒன்று. மரத்தின்கண் ஒரு பகுதி இல்லாமற் போன இடத்திற்கே பொத்து என்று பெயர்; இல்லாத ஒன்றனை எந்தத் தலைப்பின்கீழ்ச் சேர்ப்பது? அதனாற்போலும், கூகை பாடப்படும் இடத்துக் கூகையையும் யானை பாடப்படும் இடத்து யானையையும் குறித்துக்கொண்டு, பொத்தினை விடுத்துச் செல்வது வழக்கமாயிற்று.

இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது அச்சிறு பொருளையே. எம்மரத்திற்குப் பொத்து உண்டு எனவும், எம்மரத்திற்கு இல்லை எனவும் புலவர் கூறுவன வெறும் அடைமொழிகள் அல்ல. அவை முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் பற்றி எழுந்தவை. அவற்றை அங்ஙனம் கொள்ளாவிடின் பாட்டின் பொருளே குறைவுபடும் என்பது யாம் நிறுவக் கருதுவது.

முதற்கண் சொல்லை நோக்குவாம். பொத்து, பொந்து, பொள்ளல், பொதும்பு என்பன இப்பொருளில் வழங்குவன. துளைத்தலைக் குறிக்கும் 'பொள்' என்பதனோடு இவற்றுட் சில தொடர்புடையன. யானை மரப்பட்டையை உரித்தலைக் குறிக்கப் பெருங்கடுங்கோ ஆளும் 'பொளித்தல்' என்னும் சொல்லும் அவ்வினத்ததே. பொதும்பு என்பது மரப்பொந்தையும் உணர்த்தும், மரம் செறிந்த சோலையையும் உணர்த்தும். உள்ளே இடம் தந்து மறைத்தல் இரண்டற்கும் பொதுவாதலின் ஒரு சொல்லே இரு பொருளும் தாங்கிற்று எனலாம். சொல்லாராய்ச்சியை இவ்வளவில் நிறுத்தி மரத்திற்கு வருவாம்.

தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. இப்பாகுபாட்டை மரபுச் சொற்களின் வகைமை என்ற அளவிலேயே கற்பிக்கின்றோம். பொத்து எங்ஙனம் உண்டாகின்றது என்பதை அறிய விரும்புவார்க்கும் இதுவே திறவுகோல். மரத்தின் நடுவில் உள்ள காழ் உயிரற்ற பகுதி. அதனைச் சூழ்ந்த வெளிறே நீரை மேலே கொண்டு செல்லும் உயிர்ப்பகுதி. ஆதலின் உட்காழ் முழுதும் அழிந்தொழிந்த பின்னும் மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும். உள்ளீடு அற்ற ஆலும் புளியும் நிழல் தந்து நிற்றலைக் காணாதார் இலர். பட்டை உரிந்தோ கிளை முறிந்தோ தீப்பட்டோ மரத்திற் புண் ஒன்று உண்டாகின்றது. அதன் வழியே காளான் வகையின் நுண்வித்துக்கள் உட்புகுகின்றன. காழினைச் சிறிது சிறிதாக உண்டு மெத்தெனச் செய்கின்றன. பின்னர்க் கறையானும் வண்டின் புழுவும் மரங்கொத்தியும் தத்தம் பங்கைச் செய்கின்றன. காழிற் பிசினும் கசப்பும் மிக்க மரங்கள் இவ்வழிவை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். காழும் வெளிறும் வேறுபடாத மென்மரங்கள் எளிதில் இடங்கொடுக்கும்.

இனி, இவ்வழிவு விரைவதும் தயங்குவதும் வானிலையைப் பொறுத்தன. காளான் வளர ஈரமும் வெம்மையும் ஒருங்கே வேண்டும். ஈரமின்றி வெம்மை மட்டும் இருப்பின் அது வாடும். குளிர் மிக்க நாட்டில் ஈரம் இருந்தும் உறங்கும். மரம் நீரில் மூழ்கிக் கிடப்பின் காற்றின்மையால் அதற்கு வேலை இல்லை. அமெரிக்க நாட்டு மரப்பொருள் ஆராய்ச்சியாளராகிய ஷெஃபர் என்பார் 1971-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஒவ்வொரு மாதத்தின் சராசரி வெப்பநிலையிலிருந்து 2 பாகை செல்சியசைக் கழித்து, அம்மாதத்து மழை நாட்களின் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்து, இரண்டனையும் பெருக்கிப் பன்னிரு மாதத்திற்கும் கூட்டி, 16.7-ஆல் வகுப்பது அக்கணக்கு. கட்டடங்களில் மண்ணைத் தொடாது நிற்கும் மரத்திற்காகவே அவர் அதனை வகுத்தார்; காட்டு மரத்திற்கு அதனை அப்படியே பொருத்துதல் கூடாது. ஆயினும் அதனுள் அமைந்த ஒரு நுட்பம் எமக்குப் பயன்படும். மூன்று நாளேனும் மழை பெய்யாத மாதம் எத்துணை வெம்மை உடையதாயினும் கணக்கிற்குள் வாராது. தமிழ்நாட்டுச் சமவெளியில் மாசி பங்குனி மாதங்கள் பெரும்பாலும் அத்தகையன. வேனிலில் மரம் உலரும். காளானால் அழிவது மிகக் குறைவு.

இவ்வளவும் கருத்திற் கொண்டு பாலைத்திணைப் பாட்டுக்கள் சிலவற்றை நோக்குவாம்.

குறுந்தொகை 37-ஆம் பாட்டில் தோழி தலைவியை ஆற்றுவிக்கின்றாள். பிடியின் பசியைக் களைதற்குக் களிறு தன் பெருங்கையால் யாமரத்தின் பட்டையைப் பொளிக்கும் வழியே தலைவன் சென்றுள்ளான். அக்காட்சி அவனுக்கு அன்பை நினைவூட்டும் என்பது குறிப்பு. 79-ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் ஓமை மரம் ஒன்றைக் காட்டுகின்றார். காட்டுயானை அதன் பட்டையை விரும்பித் தின்றுவிட்டது, அடி பொரிந்திருக்கின்றது, உயர்ந்த கிளையைக் காற்று மோதுகின்றது, அசையும் உலர்ந்த கொம்பில் ஏறிப் புறா தனிமை தோன்றக் கூவுகின்றது. பட்டை இழத்தல், காற்றின் மோதல், கிளை உலர்தல் ஆகிய மூன்றும் ஒரு மரத்தில் ஒருங்கே வந்துள்ளன. மரநூல் வல்லார் ஒருவரைப் பொத்தின் தொடக்கம் எது என வினவின் அவர் கூறுவன இம்மூன்றுமே ஆகும். ஆயினும் அம்மரத்திற் பொத்து உண்டு என்று புலவர் கூறவில்லை. புறா அமர்ந்திருப்பது வெளிப்படையான கொம்பின்மீது.

குறுந்தொகை 255-ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. கடுகு பெருந்தேவனார் பாடிய இப்பாட்டில் யானை பட்டையோடு அமையவில்லை, யாமரத்தின் பொரிந்த அடியைத் தன் கோட்டால் ஊடுருவக் குத்துகின்றது, கையால் வாங்குகின்றது, தளர்ந்த நடையும் சிறு கண்ணும் உடைய தன் இனத்தின் பெரும்பசியைத் தீர்க்கின்றது. அவ்வழியே சென்ற தலைவர் இதனைக் கண்டிருப்பார் என்கின்றாள் தோழி. இங்கேதான் புலவர் அம்மரத்தின் காழ் பொத்து இல்லாதது என்று சொல்லெடுத்துக் கூறுகின்றார்.

இவ்வடையைப் படிப்போர் 'துளையில்லாத வயிரம்' என்று பொருள் கண்ட அளவில் அமைந்து அப்பாற் செல்வர். வன்மை மிக்க மரம் என்பது கருத்தாயின், வன்மையை நேரே குறிக்கும் சொற்கள் அக்காலப் புலவர்க்குப் பல இருந்தன. இல்லாத பொத்தினை ஏன் நினைவூட்டல் வேண்டும்? பாலையில் யானையின் அன்பை இறைச்சியாகச் சுட்டுதல் பொதுமரபு. 37-ஆம் பாட்டும் அதனையே செய்தது. ஆயின் அம்மரபு மட்டும் இச்சொல்லின் வரவை விளக்காது.

யாம் கருதுவது இது. யானையின் கோடும் கையும் பட்டும், காற்றும் வெயிலும் பட்டும் நிற்கும் மரம் உள்ளே அழிந்திருக்கும் என்றே கேட்போர் எதிர்பார்ப்பர். ஈரம் மிக்க நிலத்தின் மரமாயின் அங்ஙனமே அழிந்திருக்கும். இஃது அத்தத்து மரம். ஆண்டின் பெரும்பகுதி ஈரமின்மையால் உள்ளழிவு தயங்குகின்றது. காழ் காழாகவே நிற்கின்றது. யா என்பதற்கு ஆச்சா என அகராதிகள் பொருள் கூறும். ஆச்சா எனத் தென்னாட்டு வறண்ட காடுகளில் வழங்கும் ஹார்ட்விக்கியா என்னும் மரம் இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றுள்ளும் மிக வலியவற்றுள்ளும் ஒன்று. சங்க காலத்து யா அதுவேதான் என்னும் துணிபு எம் வாதத்திற்கு வேண்டுவதில்லை. வறள்நிலத்து மரம் மெல்ல வளர்ந்து இறுகும் இயல்பினைப் புலவர் கண்டிருந்தார் என்பதே போதும்.

பொத்து இல்லாமையால் விளைவது யாது? உள்ளீடற்ற மரமாயின் குத்துதற்கு உழைப்பு வேண்டா. குத்தியபின் உண்ணுதற்கும் ஒன்றும் இராது. பொத்து இல்லாததாகலின் உழைப்பும் மிகுகின்றது, உழைப்பின் பயனும் உறுதியாகின்றது. தலைவன் தன் கடமையை எண்ணிப் பொருள்வயிற் பிரிந்தவன். அவன் இடைவழியில் மீண்டுவிடுவானோ எனக் கவன்றவளுக்குத் தோழி சொல்லியதாக இப்பாட்டின் கூற்றுக்குறிப்பு அமைந்துள்ளது. வழி கொடியது, ஆயினும் வெறுமையானது அன்று. வருந்திக் குத்துவார்க்கு உள்ளே பொருள் உண்டு என்பதைக் கண்ணாற் கண்டவன் வெறுங்கையோடு மீளான். இப்பொருள் முழுவதும் பொத்து இல்லை என்னும் அவ்வொரு சொல்லை ஆணியாகக் கொண்டு நிற்கின்றது. அதனை வெறும் அடையாக்கின், தோழியின் ஆறுதல் யானையின் அன்பைச் சுட்டுவதோடு நின்று 37-ஆம் பாட்டின் மறுபடியாகிவிடும். தொகுத்தோர் இரண்டனையும் ஒரு நூலுள் வைத்தது அவை ஒன்றே எனக் கருதியன்று.

ஈண்டு ஒரு தடை எழும். பாலை என்பது தனி நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து வேனிலில் வாடிய நிலையே பாலை என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் கூறினார். அங்ஙனமாயின் பாலை மரமும் கார்காலத்தில் மழையில் நனைந்த மரமே அன்றோ? அப்பொழுது காளான் வளராதோ? தடை நேரியது. அதற்கு விடை கூறுமிடத்தே எம் கருத்தும் தெளிவுறும். மரத்தின் அழிவு ஆண்டு முழுவதும் ஒரே சீராய் நிகழ்வதில்லை. கார்தோறும் சிறிது நடந்து, வேனில்தோறும் நின்று, மறு காரில் விட்ட இடத்தே தொடரும். மழை நாள் பல உடைய காட்டில் அந்நடை நெடிது. சில உடைய காட்டிற் குறிது. முதுமலையில் இவ்வேறுபாட்டை ஒரே காட்டெல்லைக்குள் அறியலாம். அதன் மேற்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர் மழை பெறுவது. கிழக்கே மசினகுடிப் பக்கம் செல்லச் செல்ல அது 600 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைகின்றது. ஈரமிக்க இலையுதிர்காடு முட்காடாக மாறுகின்றது. இரண்டிலும் யானை உண்டு; இரண்டிலும் அது பட்டை உரிக்கும். உரித்த புண்ணின் வழியே பின்னர் நிகழ்வது இரண்டிலும் ஒன்றாக இராது.

வறள்காட்டில் பொத்தே இல்லை என யாம் கூறுவதாகக் கொள்ளற்க. தனக்கு வேண்டும் ஈரத்தைத் தானே மண்ணிலிருந்து கொண்டு செல்லும் கறையான் அங்கே காளானின் தொழிலைச் செய்யும். மாசி முதல் சித்திரை வரை படரும் காட்டுத்தீ மரத்தின் அடியைச் சுட்டுக் குடையும். ஆயின் காளான் தொடங்கிவைத்த பொத்து கிளையிடத்தும் நடுமரத்தும் உயர அமையும். தீ தொடங்கிவைத்தது பெரும்பாலும் அடிமரத்தில் அமையும். பறவைக்குப் பயன்படுவது முன்னது.

இப்பொழுது பொத்து உண்டு என்று புலவர் கூறும் இடங்களைக் காண்பாம். அவற்றுள் தலைசிறந்தது புறநானூறு 364-ஆம் பாட்டு. வேந்தன் ஒருவனை நோக்கி, உண்டும் தின்றும் இரப்போர்க்கு ஈந்தும் மகிழ்வோம் வருக எனப் புலவர் அழைக்கின்றார். தாழிகள் நிறைந்த பெருங்காட்டை அடைந்தபின் இவை அரியவாய்விடும் என்கின்றார். அக்காட்டில் முதுமரம் ஒன்று. அதன் பொத்திலிருந்து கூகைக்கோழி திடுமெனக் குரல் எழுப்பும். இத்தொடரால் அப்புலவர்க்குக் கூகைக்கோழியார் என்றே பெயராயிற்று. புறநானூற்றிற்குக் கிடைத்த பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுதலின் இப்பாட்டிற்குப் பழைய உரைகாரர் துணை எமக்கு இல்லை.

பெயர் பறவைக்குச் சென்றது. கண் மரத்தின்மீது செல்லவேண்டும். அம்மரத்தின் பெயரைப் புலவர் கூறவில்லை. நிலம் பிளக்குமாறு கீழிறங்கி அசையும் பல வேர்களை உடையது என்று மட்டும் கூறுகின்றார். விழுதூன்றிய ஆல் என்பது வெளிப்படை. ஆலின் மரம் மென்மையது. காழும் வெளிறும் தெளிவாகப் பிரியாதது. புண்பட்டால் விரைந்து உள்ளழிவது. வேறு மரமாயின் அத்துணை அழிவின்பின் காற்றுக்கு வீழ்ந்திருக்கும். ஆலோ விழுதுகளால் தாங்கப்பட்டு நடுமரம் வெறுமையான பின்னும் தலைமுறை பல கடந்து நிற்கின்றது. புலவர் வேரினை முன்னும் பொத்தினைப் பின்னும் வைத்த முறை இதனால் விளங்கும். தாங்கும் வேர்கள் உள்ளமையாற்றான் உள்ளே பொத்து முதிரும் அளவும் மரம் நின்றது. இளமரத்திற்குக் கூகை நுழையும் பொத்து இராது. முதுமரம் என்னும் சொல் ஆங்குக் கால அளவையாக நிற்கின்றது.

இன்னும் ஒன்று. தாழியும் உள்ளே வெறுமை உடையது, முதுமரமும் அத்தகையது. முன்னதில் இறந்தோன் உறைவான். பின்னதில் இறந்தோரை அழைப்பதுபோற் குரல் எழுப்பும் பறவை உறையும். இவ்விரண்டனையும் ஒரே காட்சியுள் வைத்து, இடையே பெருமான் ஒருவனை விருந்துக்கு அழைக்கும் புலவரின் துணிவு எமக்கு வியப்பளிக்கின்றது. நிலையாமையைப் பாடிய காஞ்சிப் பாட்டுக்களுள் பல அறம் உரைப்பன; இஃது இடத்தைக் காட்டி அமைகின்றது. எம் மதிப்பில் இதுவே உயர்ந்த முறை.

ஆய் அண்டிரன் மறைந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய 240-ஆம் பாட்டிலும், கள்ளி நின்ற களத்தில், பொத்தினுள் இருக்கும் கூகை இறந்தோரைக் கூவி அழைப்பதாக வருகின்றது. கள்ளி வறள்நிலத்தைச் சுட்டுவது. வறள்நிலத்தில் பொத்து அரிதென மேலே கூறினோம். இங்கு அஃது உள்ளதே எனின், வானிலையோடு வயதும் சேர்ந்தே பொத்தினை ஆக்கும் என்க. சுடுகாட்டு மரத்தை வெட்டுவார் இலர். அஞ்சியோ மதித்தோ மக்கள் கோடரி படாது விட்ட மரமே வறண்ட ஊர்ப்புறத்தில் பொத்து முதிரும் வயதினை எய்தும். நற்றிணை 83-ஆம் பாட்டில் ஊர்வாயிலில் உண்துறையின் அருகே நிற்கும் கடவுள் முதுமரத்தில் கூகை நெடுநாட் பழகி உறைகின்றது. அதன் குரலால் தலைவனின் இரவுக்குறி கெடுமோ என அஞ்சும் தோழி, ஊனும் எலியும் தருவதாகக் கூறி அதனை இரக்கின்றாள். அங்கே பொத்து வெளிப்படச் சொல்லப்படவில்லை. ஆயினும் நீர்த்துறை, முதுமை, கடவுள் என்னும் மூன்றும் பொத்துக்கு வேண்டிய ஈரத்தையும் காலத்தையும் காவலையும் முறையே தந்துவிடுகின்றன. பிற்காலத்தில் நம்மாழ்வார் உறைந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும் திருக்குருகூர்ப் புளியமரமும் பொருநையாற்றங்கரையது. அதன் பொந்தும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

நெய்தலுக்குச் செல்வாம். குறுந்தொகை 301-ஆம் பாட்டில் அன்றில் பனையின் கொழுவிய மடலில் சிறு கோல்களால் குடம்பை இழைக்கின்றது. கூடு கட்டுதல் பறவையின் இயல்பு என்று விட்டுவிடலாம். மரபியலை மறவாதார்க்கு வேறொன்றும் தோன்றும். பனை புறக்காழ் உடையது, அதாவது புல். உயிருள்ள பனையின் வன்மை வெளியே உள்ளது. உள்ளே மென்மையான சோறு. அகக்காழ் அழிந்து புறவெளிறு வாழும் முறைமை பனைக்கு இல்லை. ஆகவே உயிருள்ள பனை பொத்து இன்றி நிற்கும். பறவை கோலைத் தேடிச் செல்லும். தலை இழந்து பட்டுப்போன பனையோ மழைநீர் மேலிருந்து இறங்க உட்சோறு விரைவில் அழிந்து குழாயாகிவிடும். கிளியும் மைனாவும் அதனையே நாடும். தலையற்ற பனையில் கிளி குடியிருத்தலைத் தென்பாண்டி நாட்டுச் சிறுவரும் அறிவர்.

புலவர் கண்டவை ஒரு நாட்டின் தனித்தன்மையோ, உலகெங்கும் ஒக்கும் இயல்போ என்று அறியப் பிற நாட்டுக் காடுகளைச் சிறிது ஒப்புநோக்குவது நன்று. பறவையும் விலங்கும் குடியேறிய மரப்பொந்துகளை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஒப்பாய்வு ஒன்று, வட அமெரிக்காவில் அத்தகைய பொந்துகளுள் 100-க்கு 77 மரங்கொத்தி முதலிய பறவைகள் குடைந்தவை எனவும், ஐரோப்பா, ஆசியா, தென் அமெரிக்கா ஆகியவற்றில் 100-க்கு 26-ஏ அத்தகையன எனவும் கூறிற்று. எஞ்சியவை அழிவினால் தாமே ஆனவை. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே இல்லை. ஆங்குள்ள யூக்கலிப்டசு மரங்களில் விலங்கு குடியிருக்கத்தக்க பொந்து தோன்ற நூறு ஆண்டிற்கும் மேற்படும். வறள்நிலத்துப் பெருமரங்களின் பொந்துகளில் கறையானுக்கும் தீக்கும் ஆங்குப் பெரும்பங்கு உண்டு. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இருவாச்சி தானே பொந்து குடைய வல்லதன்று. அழிவினால் ஆன பொந்தினை நாடிப் பெடை அதனுட் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன் குஞ்சு வெளிவரும். மழைக்காலங்கள் செய்த பொந்து மழையற்ற காலத்தில் பயன்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வெளிச்சத்தில் நம் காலத்திற்கு அணித்தான பாட்டொன்றையும் நோக்குதல் தகும். பாரதியாரின் 'அக்கினிக் குஞ்சு' யாவரும் அறிந்தது. காட்டின் நடுவே ஒரு பொந்தில் சிறு நெருப்பு வைக்கப்படுகின்றது. காடு வெந்து தணிகின்றது. விடுதலை வேட்கையின் உருவகம் என்றும், ஞானத்தீயின் உருவகம் என்றும் இதற்குப் பொருள் கூறுவர். எப்பொருள் கொள்ளினும், நெருப்பைப் பொந்தில் வைப்பானேன் என்னும் வினா எஞ்சும். சருகில் வைத்திருக்கலாம், புல்லில் வைத்திருக்கலாம்.

குஞ்சு என்றமையால் பொந்து என்றார். பறவையின் குஞ்சு இருக்குமிடம் அதுவே என்பது ஒரு விடை. இதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் பொந்தினுள் இருப்பது யாது? கார்தோறும் காளான் உண்டு நெகிழ்ந்து, வேனில்தோறும் உலர்ந்து தூளாய்க் கிடக்கும் உள்மரம். சிறு பொறியையும் அணையவிடாது பற்றிக்கொள்வதில் அதற்கு ஈடானது காட்டில் வேறில்லை. கீழொரு துளையும் மேலொரு துளையும் உடைய பொந்தாயின் காற்று கீழே புகுந்து மேலே எழும். மரம் முழுதும் புகைபோக்கியாகி உச்சியிலிருந்து பொறிகளை வீசும். காட்டுத்தீயை அணைக்கச் செல்வோர் பொந்துடைய மரத்தை அஞ்சுவது இதனால்தான். வெளியே தீ அடங்கிய பின்னும் அது நாட்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சருகில் வைத்த நெருப்பு சருகு தீர்ந்தால் தீரும். பொந்தில் வைத்தது மறைந்திருந்து, வளர்ந்து, பின் வெளிப்படும். குஞ்சுக்கு வேண்டுவதும் அதுவே. கடுகு பெருந்தேவனார் பொத்து இல்லை என்று கூறியதும், பாரதியார் பொந்தில் என்று கூறியதும் ஒரே இயல்பினை இரு புறத்திலிருந்து கண்டவை. அங்கே காழ் உள்ள மரம் பசித்தார்க்கு உணவாயிற்று. இங்கே காழ் போன மரம் நெருப்புக்குத் தொட்டிலாயிற்று.